போர் வேண்டாம் என்றவர்களை யார் எப்படி எழுதினார்கள்?

பொறியாளன் எழுதினா கான்கிரீட்டும் கம்பியும்தான் வரும்னு நினைச்சுடாதீங்க. இந்த முறை வரலாறு.

எனக்குச் சொந்த ஊர் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர். பக்கத்தில் செஞ்சிக் கோட்டை. 1714-இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜனை எங்க பக்கம் பாட்டாகவே பாடுவாங்க. கட்டியவனுக்குக் கல்வெட்டு, சண்டை போட்டவனுக்குக் கதைப்பாட்டு. சண்டை வேண்டாம் என்றவனுக்கு?

1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கினார். 1940 அக்டோபர் 17-இல் பவுனாரில் வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். முறை எளிது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் அதிகாரிக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பார். போருக்கு ஆளோ பணமோ தருவது தவறு என்று பேசுவார். கைதாவார். அடுத்த மே மாதத்துக்குள் இருபதாயிரம் பேருக்கு மேல் தண்டனை பெற்றனர்.

நம் மாகாணத்தில் ராஜாஜி 1940 டிசம்பரில் சிறை சென்றார். அதே மாதம், சத்தியாக்கிரகிகள் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதல் பெற வார்தா புறப்பட்ட காமராஜரைக் குண்டூரில் கைது செய்தார்கள். யுத்த நிதிக்குப் பணம் தராதீர்கள் என்று பேசியதுதான் குற்றம். வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 நவம்பரில் வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

இதை நாலு விதமாகச் சொல்கிறார்கள்.

அரசின் பார்வையில் இது யுத்த முயற்சிக்கு இடைஞ்சல்; இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வரும் குற்றம். பாடப்புத்தகத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கும் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பத்தி. இடதுசாரிகள், மக்களைத் திரட்டாத வலுவற்ற போராட்டம் என்றார்கள். ஆனால் 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் யூனியன்மேல் பாய்ந்தபின், ஏகாதிபத்திய யுத்தம் என்றதையே மக்கள் யுத்தம் என்று அவர்களும் மாற்றிச் சொன்னார்கள். பெரியார் தலைமையிலான நீதிக்கட்சியோ போருக்கு ஆதரவு தந்தது. ஹிட்லர் ஜெயித்தால் என்ன ஆகும் என்பது அன்று நியாயமான கேள்விதான்.

எது சரி? 'சுத்தமான போர் எதிர்ப்பு' என்று சொன்னால் கணக்கு இடிக்கும். தேசிய அரசு அமைத்தால் போரில் ஒத்துழைக்கிறோம் என்று 1940 ஜூலையில் காங்கிரசே சொன்னது. முதல் உலகப் போரின்போது, 1918-இல் காந்தியே கேடாவில் ஊர் ஊராகப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் போயிருக்கிறார். அதற்காக 'சுதந்திரப் போராட்டத்தில் ஒரு கட்டம்' என்று மட்டும் சொல்வதும் பாதிதான். அவர்கள் சிறை போனது போரைப் பற்றிப் பேசியதற்காக. போர் நடக்கும்போதே அதை எதிர்த்துப் பேசலாமா என்பதுதான் வழக்கின் மையம். அந்த மையத்தை எடுத்துவிட்டால் காமராஜர் கைது வெறும் நகராட்சித் தலைவர் சம்பவமாகச் சுருங்கிப்போகும். பெரும்பாலும் அப்படித்தானே மேடையில் கேட்கிறோம்?

ஒரு பாலம் விரிசல் விட்டால் ஒரே பக்கமிருந்து பார்த்து ரிப்போர்ட் எழுத மாட்டோம். வரலாற்றுக்கும் அதே விதிதான். யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. எதிர்த்தவர் சொன்னதோடு, ஆதரித்தவர் சொன்ன காரணத்தையும் பக்கத்தில் வைத்துப் படிங்க.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் 1940-41-இல் சிறை சென்றவர்களின் வாரிசுகள் இருப்பார்கள். தியாகி என்பதோடு விட்டுவிடாமல், என்ன பேசி உள்ளே போனார் என்று கேளுங்க. அந்தப் பேச்சுக்குக் கல்வெட்டு கிடையாது. நாம எழுதினால்தான் உண்டு.