நிலவறையில் கிடைத்த பெட்டி

1977இல், ஜெனீவாவில் முன்பு உளவியல் நிறுவனம் இயங்கிய வில்சன் மாளிகையின் நிலவறையில் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே சபீனா ஸ்பீல்ரைனின் நாட்குறிப்பு. யுங்குடனும் ஃப்ராய்டுடனும் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து. 1923இல் ரஷ்யா திரும்பியபோது விட்டுப்போனவை.

1980இல் ஆல்டோ கரோட்டெனூட்டோ அவற்றை நூலாக்கினார். யுங்கின் கடிதங்களை வெளியிட அவருடைய வாரிசுகள் அப்போது சம்மதிக்கவில்லை. ஆக, ஃபோன்ல ஒருத்தர் பேசுறதை மட்டும் கேட்கிற மாதிரிதான் முதல் வாசகர்கள் அந்த உறவைப் படித்தார்கள். மிச்சத்தைக் கிசுகிசு நிரப்பிக்கொண்டது. ஸ்பீல்ரைன் என்றால் 'யுங்கின் காதலி' என்றானது.

இத்தனைக்கும் அவர் எழுதியவை பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவில்லை. 1904இல் சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் யுங்கின் நோயாளி. 1911இல் ஸ்கிசோஃப்ரினியா பற்றிய ஆய்வேட்டுடன் டாக்டர். ஒன்று அழிந்துதான் இன்னொன்று உருவாகிறது என்ற அவருடைய கட்டுரை 1912இலேயே அச்சில் வந்துவிட்டது. சாவு உந்துதல் பற்றி 1920இல் எழுதிய ஃப்ராய்டு, அவருக்குக் கொடுத்த இடம் ஒரு அடிக்குறிப்பு. ஜெனீவாவில் பியாஜேயை உளப்பகுப்பாய்வு செய்தவரும் இவர்தான்.

ஸ்பீல்ரைனின் மூன்று தம்பிகளையும் ஸ்டாலின் ஆட்சி கொன்றது. 1942இல் ரஸ்தோவில் அவரையும் இரண்டு மகள்களையும் நாஜிகள் கொன்றார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். யுங்கின் கடிதங்களுக்கு 'வேண்டாம்' சொல்லப் பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்பீல்ரைனின் நாட்குறிப்புக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடிய மகள்கள் உயிரோடு இல்லை. யாருடைய அந்தரங்கம் வரலாறாகிறது என்பதை, சில சமயம், யார் மிஞ்சினார்கள் என்பதே முடிவுசெய்கிறது.