கிர்க்பாட்ரிக் குழந்தைகள்

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னரி 1805இல் சென்னையில் தீட்டிய இரட்டை உருவப்படம். ஐதராபாத் நிஜாமின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக (பிரதிநிதியாக) இருந்த ஜேம்ஸ் அக்கிலீஸ் கிர்க்பாட்ரிக்கின் பிள்ளைகள் சாகிப் ஆலம், சாகிப் பேகம் இருவரும் இதில் உள்ளனர். அப்போது அண்ணனுக்கு நான்கு வயது, தங்கைக்கு மூன்று. கம்பெனிக் காலத்துச் சென்னையில் உருவான உருவப்படங்களில் இதைவிட மனத்தைத் தொடும் படம் இல்லை என்றே சொல்லலாம்.

பிள்ளைகளின் தாய் கைருன்னிசா, பாரசீக வழிவந்த உயர்குடிப் பெண்; ஐதராபாத் திவான் மீர் ஆலமுக்கு உறவினர். அவரை மணப்பதற்காக கிர்க்பாட்ரிக் இஸ்லாத்தைத் தழுவினார். இந்த உறவு பற்றி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி விசாரணை நடத்தினார். கிர்க்பாட்ரிக்கின் பதவி போகாமல் தப்பியதே பெரிது. 1801 மார்ச்சில் மகனும் 1802 ஏப்ரலில் மகளும் பிறந்தனர். கலப்பு மணத்தில் பிறந்தவர்களுக்குக் கம்பெனி ஆட்சியில் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவந்த காலம் அது. பிள்ளைகளை இங்கிலாந்தில் தம் தகப்பனாரிடம் வளரவிடுவதே நல்லது என்று கிர்க்பாட்ரிக் முடிவெடுத்தார். தாய்க்கு அதில் துளியும் மனமில்லை.

கப்பல் ஏறவேண்டிய இடம் சென்னை. 1801இல் ஆரணி, வேலூர் உள்ளிட்ட ஆற்காட்டுச் சீமை முழுவதும் கம்பெனி வசமான பிறகு, சென்னைக் கோட்டையைச் சுற்றி அதிகாரிகளும் வணிகர்களும் பெருகினர். உருவப்படம் எழுதுபவருக்கு நல்ல பிழைப்பு இருந்தது. லண்டனில் 1774இல் பிறந்த சின்னரி, மனைவியை டப்ளினில் விட்டுவிட்டு, 1802 இறுதியில் தம் அண்ணன் இருந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். புறப்படும் முன் பிள்ளைகளைப் படமாகத் தீட்டிவைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

படிக்கட்டின் மேல், பெரிய திரைச்சீலைக்கு முன்னால் இருவரும் ஐதராபாத் அவை உடையில் நிற்கிறார்கள். பையன் பொன்சரிகை ஓரமிட்ட சிவப்பு ஜாமாவும், சரிகைத் தொப்பியும், நுனி வளைந்த செருப்பும் அணிந்து, கழுத்தில் முத்துமாலையோடு நேராகப் பார்க்கிறான். தங்கை ஒரு படி மேலே நின்று அண்ணனின் தோளில் கைபோட்டிருக்கிறாள். தொப்பிக்குள் தெரியும் அவள் முடியில் செம்மை படர்ந்திருக்கிறது, பார்வை தாழ்ந்திருக்கிறது. பட்டின் மினுமினுப்பைத் தீட்டுவதில் காட்டிய கவனத்தைச் சின்னரி அந்தச் சோர்ந்த கண்களிலும் காட்டியிருக்கிறார். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதே 1805ஆம் ஆண்டு குழந்தைகள் ‘லார்டு ஹாக்ஸ்பரி’ கப்பலில் புறப்பட்டனர். அந்த உடைகளும் பெயர்களும் அத்தோடு போயின. லண்டனில் 1806 மார்ச்சில் ஞானஸ்நானம் பெற்றபோது சாகிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான், சாகிப் பேகம் கேத்தரின் அரோரா ஆனாள். தந்தை அதற்குள் இறந்துவிட்டார்: 1805 அக்டோபர் 15, கல்கத்தாவில், 41 வயதில். கைருன்னிசா கணவரின் உதவியாளராக இருந்த ஹென்றி ரசலை நம்பி, அவராலும் கைவிடப்பட்டு, சில ஆண்டுகள் மசூலிப்பட்டினத்தில் வாழும் நிலைக்கு ஆளானார். பிள்ளைகளை மறுபடி பார்க்காமலே 1813இல் ஐதராபாத்தில் காலமானார்.

வில்லியம் 1812இல் கொதிநீர்க் கொப்பரையில் விழுந்து ஊனமுற்றார், 1828இல் இறந்தார். கிட்டி என்று அழைக்கப்பட்ட கேத்தரின் அழகுக்குப் பேர்போனவர். அப்போது ஏழை ஆசிரியராக இருந்த தாமஸ் கார்லைல் அவர்மீது மையல் கொண்டார். கார்லைலின் ‘சார்ட்டர் ரிசார்ட்டஸ்’ நூலில் வரும் புளூமைன் கிட்டியின் சாயலே என்று பலர் கருதுகின்றனர். 1829இல் கிட்டி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வின்ஸ்லோ பிலிப்ஸை மணந்தார்.

படம் இதற்கிடையில் ரசலின் கைக்குப் போயிருந்தது. இங்கிலாந்தில் பெர்க்ஷயரிலுள்ள அவருடைய ஸ்வாலோஃபீல்டு மாளிகைக்கு ஒருமுறை சென்ற கிட்டி, சுவரில் தம்மையும் அண்ணனையும் கண்டு அழுதுவிட்டார். தம் காலத்துக்குப் பின் படம் அவருக்கே சேரும் என்று ரசல் வாக்களித்தார். 1841 முதல் ஐதராபாத்திலிருந்த பாட்டி ஷரபுன்னிசாவோடு கிட்டிக்குக் கடிதப் போக்குவரத்தும் ஏற்பட்டது. பொற்பொடி தூவிய தாளில் எழுதி, சரிகைப் பையில் இட்டு அனுப்பினார் பாட்டி. பிரியும்போது தாய் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு கதறியதும், அவர் உட்கார்ந்திருந்த இடமும் தமக்கு இன்னும் கண்ணில் நிற்பதாக கிட்டி எழுதினார். மூன்று வயதில் கண்டது அது. பாட்டியும் பேத்தியும் பிறகு சந்திக்கவே இல்லை.

சின்னரி 1807இல் சென்னையை விட்டு வங்காளம் போய்ப் புகழும் கடனும் சேர்த்தார். 1825இல் கடன்காரர்களுக்குத் தப்பி மக்காவ் சென்று, அங்கேயே 1852இல் மறைந்தார். ரசல் இறந்ததும் அதே ஆண்டில்தான். கிட்டி 1889இல் டார்க்கியில் காலமானார்.

இவர்கள் கதையை வில்லியம் டால்ரிம்பிள் ‘ஒயிட் முகல்ஸ்’ (2002) நூலில் விரிவாக எழுதிய பிறகு படம் பரவலாக அறியப்பட்டது. சீனக் கடற்கரையின் ஓவியராகச் சின்னரி பெற்ற புகழால் அவர் படைப்புகள் ஹாங்காங்கில் பெரிதும் மதிக்கப்பட்டன. சென்னையில் பிறந்த இந்தப் படமும் ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் ஓவியத் தொகுப்பில் இடம்பெற்றது.