கடல்கட்டியின் மந்திரம்

மன்னார்க் குடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், சுறாவின் வாயைக் கட்டுகிறவர் வந்து சேராமல் சுழியோடிகள் கடலில் இறங்கமாட்டார்கள். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 'கட்டு' என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. மந்திரம் இங்கே வெறும் சொல்லல்ல. கட்டவும் அவிழ்க்கவும் கூடிய ஒரு பிராணி.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்தில் பத்திலொன்று அரசனுக்கும் இருபதிலொன்று மந்திரக்காரருக்கும் போனதாக எழுதுகிறார். அவர்கள் பிராமணர்கள். பகலில் மீனைக் கட்டுவார்கள். மாலையானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் எவனும் களவாகக் குளித்து முத்தெடுக்கக் கூடாதல்லவா! ஊர்க் காவலுக்கு நாயை அவிழ்த்துவிடும் அதே கணக்குத்தான்.

ஆங்கிலேயர் காலத்துக் குறிப்பொன்று இன்னும் விசித்திரமானது. கடல்கட்டியின் பித்தளைத் தாம்பாளத் தண்ணீரில் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள் கிடக்குமாம். கடலில் சுறாவால் விபத்து நேர்ந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிக்குமாம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற அமெரிக்க விளையாட்டில், ஏவிய மந்திரமே உயிர்பெற்று அலையும் மிருகமாவதை 2004இல் புதுமையாகச் சேர்த்தார்கள். எமது கரைக்கு அது பழைய சங்கதி.

1859இல் நூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட் காலத்தில் இப்பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். மதம் மாறியும் மந்திரம் மாறவில்லை! டெனன்ட் போனபோது அவருக்குச் சுகமில்லை, பதிலாள் வந்திருந்தார். மந்திரம் தமக்குத் தெரியாது, ஆனால் தலைவரின் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் தம்மை மதிக்கும் என்றாராம் அவர். டெனன்ட் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறார். ஆனாலும் அரசாங்கம் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. அவரில்லாவிட்டால் குளிப்பில்லை, குளிப்பில்லாவிட்டால் வருமானமில்லை.

கீழக்கரையிலிருந்து வந்த முஸ்லிம் சுழியோடிகளும், பின்னாளில் வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் இதே பார்களில்தான் மூழ்கினார்கள். சூரத்துல் ஃபலக்கை மனனமாக ஓதியவர்கள் அவர்கள். முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து அல்லாஹ்விடம் காவல் தேடச் சொல்லும் சூரா அது. முடிச்சுப் போடும் ஒருவரின் காவலில் அவர்கள் எந்த மனதோடு இறங்கினார்கள்? ஈமான் குறைந்தவர்கள் என்று கரையில் உட்கார்ந்து சொல்வது எளிது. ஒரு மூச்சுக்கும் மறுமூச்சுக்கும் இடையில் பிழைப்பு நடத்தியவனிடம் அப்படிச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

1906இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. சில வருடங்களில் சிப்பியும் அற்றுப்போனது. ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிந்த சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. ஆளுநரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். குளித்தவர்களின் பெயர்களை அந்த ஆங்கில நூல்களில் தேடிப் பயனில்லை. வீட்டு ஏடுகளிலும் கிழவர்களின் ஞாபகத்திலும்தான் தேட வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார் முஸ்லிம்களை விரட்டியபோது, எருக்கலம்பிட்டியாரும் முசலியாரும் கைக்கு அகப்பட்டதோடு புத்தளத்துக்குப் போனார்கள். ஏடுகளை யார் எடுத்துப் போயிருப்பார்கள்? ஞாபகமுள்ள கிழவர்கள் பலர் அகதி முகாம்களிலேயே மௌத்தாகிப் போனார்கள்.