கட்டி தென்படாத மார்பகப் புற்றுநோயைக் கண்டறிதல்

அழற்சி மார்பகப் புற்றுநோய் என்பது அரிய, விரைந்து பரவும் வகையாகும். இதில் பெரும்பாலும் கட்டி தென்படுவதில்லை. புற்றணுக்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைப்பதால், சில வாரங்களிலேயே ஒரு மார்பகம் வீங்கிச் சூடாகும். தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகள் காணப்படும். மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் கருமை படர்ந்தும் தோன்றலாம். எனவே இது பால்கட்டு என்றோ சூட்டுக்கட்டி என்றோ தவறாகக் கருதப்படுகிறது.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டும்?

மேமோகிராம்: தோல் தடிப்பையும் திசு அடர்த்தியையும் மட்டுமே காட்டக்கூடும். 'கட்டி இல்லை' என்னும் அறிக்கையால் நோய் இல்லை என்றாகிவிடாது.

அல்ட்ராசவுண்ட்: மறைந்துள்ள கட்டியையும் அக்குள் நெறிக்கட்டுகளையும் காட்டும், திசு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டும்.

எம்.ஆர்.ஐ.: ஐயம் நீடிக்கும்போது உதவும்.

நோயை உறுதிசெய்வது திசுப் பரிசோதனையே.

நீங்கள் செய்ய வேண்டியவை

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உட்கொண்டு 7 முதல் 10 நாட்களில் வீக்கம் குறையாவிடில், மீண்டும் மருத்துவரை அணுகிப் படப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியினர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பரிந்துரையுடன் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. முந்தைய மருந்துச் சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சை வழக்கமாக மருந்தேற்றும் கீமோதெரபியில் தொடங்கி, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எனத் தொடரும். ஆகவே திசுப் பரிசோதனைக்கு முன் வீக்கத்தைக் கீறிவிட அனுமதிக்காதீர்கள்.