அசாம் காகித ஆலைகளின் மூடல்

இந்துஸ்தான் பேப்பர் கார்ப்பரேஷன் என்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனம் அசாமில் நடத்திவந்த நகாவ், கசார் காகித ஆலைகள் முறையே 2017 மார்ச்சிலும் 2015 அக்டோபரிலும் உற்பத்தியை நிறுத்தின. முதலாவது மரிகாவ் மாவட்டத்து ஜாகிரோட்டிலும், இரண்டாவது பராக் பள்ளத்தாக்கின் பாஞ்ச்கிராமிலும் இருந்தன. 1980களில் தொடங்கிய இவ்விரண்டும் தலா ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் திறன் கொண்டவை. மூங்கில்தான் இவற்றின் மூலப்பொருள்.

காகிதத்துக்கு மவுசு குறைந்ததால் இவை நின்றன என்று கருதுவது தவறு. அந்த ஆண்டுகளில் இந்தியாவின் காகிதத் தேவை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. நெருக்கடி வேறு பக்கங்களிலிருந்து வந்தது. வடகிழக்கின் மூலி மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து மடியும். 2000களின் பிற்பகுதியில் அப்படிப் பூத்தபோது கசார் ஆலையின் மூங்கில் வரத்து குன்றியது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மேகாலயத்தின் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்ததும் ஆலைகளுக்கு எரிபொருளாகப் பக்கத்திலேயே கிடைத்த நிலக்கரி அரிதாயிற்று. அதே ஆண்டு பராக் பள்ளத்தாக்கை இணைத்த லும்டிங்–சில்சார் ரயில்பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக மூடப்பட்டது. இவை ஒவ்வொன்றும் கடந்துவரக்கூடிய தடைகளே. நடைமுறை மூலதனம் வந்துசேராததுதான் ஆலைகளை வீழ்த்தியது.

தொழிலாளர்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. ஆலைகள் மூடப்பட்டதாக முறையான அறிவிப்பு வரவில்லை. அதனால் ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை, சம்பளமும் இல்லை. பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை பாக்கிகள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. மருத்துவச் செலவுக்கு வழியின்றியும் தற்கொலையாலும் ஏறத்தாழ நூறு பேர் இறந்ததாகத் தொழிற்சங்கங்கள் தெரிவித்தன. பதிவேட்டிலேயே இல்லாத மூங்கில் வெட்டுவோர், லாரி ஓட்டுநர்கள், ஒப்பந்தக் கூலிகள் ஆகியோரின் இழப்பை யாரும் கணக்கெடுக்கவில்லை.

பொருள் வழங்கிய ஒரு நிறுவனம் தன் பாக்கிக்காகத் தொடுத்த திவால் வழக்கில், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் கார்ப்பரேஷனைக் கலைக்க உத்தரவிட்டது. 2021 செப்டம்பரில் அசாம் அரசு தொழிற்சங்கங்களுடன் உடன்பாடு கண்டு 570 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஆலைகளைத் திரும்ப ஓட்டுவது அதில் இடம்பெறவில்லை.

வேறு வழி இருந்தது என்பதற்குக் கேரளம் சான்று. இதே கார்ப்பரேஷனின் துணை நிறுவனமாகக் கோட்டயம் மாவட்டத்து வெள்ளூரில் இயங்கிய செய்தித்தாள் காகித ஆலையும் திவால் நடவடிக்கையில் சிக்கியது. மாநில அரசு அதை எடுத்துக்கொண்டு, கேரளா பேப்பர் புராடக்ட்ஸ் என்ற பெயரில் 2022இல் மறுபடி உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

ஜாகிரோடு ஆலை நிலத்தில் 2024 ஆகஸ்டில் டாடா குழுமத்தின் 27,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஆலைக்கு மூங்கில் தேவையில்லை.