ஜீப்பு ஏன் உதறுது?

எங்க வீட்டுக் களத்தோரம் ஒரு பழைய ஜீப்பு நிற்கிறது. சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் முதலில் அதில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம்தான் வீட்டுக்குள்ளேயே வருவார்கள். "இது இன்னும் ஓடுதா?" என்று தவறாமல் ஒரு கேள்வி. ஓடுதுங்க. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைப் பழைய இரும்புக்குப் போட இருந்தோம். காரணம் ஓர் உதறல். அந்த உதறலைத் தேடிப்போனதில் எனக்கு முந்நூறு வருஷத்துக் கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போடிப் பக்கம் ஜீப்பு என்பது ஆடம்பரம் இல்லை. இங்கிருந்து மலையேறினால் ஏலத்தோட்டம். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எந்த வழியாகப் போனாலும் கேரளத் தோட்டங்களுக்கு ஆள் ஏறுவது ஜீப்பில்தான். உரமூட்டை, ஏலக்காய் மூட்டை, பிரசவ வலி எடுத்த பெண் என்று எல்லாவற்றையும் சுமந்தது இதே வண்டி.

இந்த வண்டி பிறந்தது மலைக்காக அல்ல, போருக்காக. 1940-ல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் போனதோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேலே செய்து தள்ளினார்கள்.

நம்ம நாட்டுக் கதையும் சுவாரசியமானது. 1945-ல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து மகிந்திரா அண்ட் முகமது என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1947-ல் பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். அதே வருஷம் இங்கே வில்லிஸ் ஜீப்பைக் கூட்டும் வேலை தொடங்கியது. 1948-ல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று மாறியது. எங்க அப்பா வாங்கியது அந்த வம்சத்து வண்டிதான்.

சரி, உதறலுக்கு வருவோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் போதும், தரைத்தகடு நடுங்கும், கியர் ராடு கையில் ரீங்கரிக்கும். வேகம் குறைந்தால் நின்றுவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் டயர் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். இன்னொரு இடத்தில் என்ஜின் மவுண்டிங் என்றார்கள். அதுவும் ஆச்சு. மூன்றாவது ஆள், "கியர் பாக்ஸ் போச்சு சார், வண்டிய வித்துருங்க" என்றார். நானும் பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று மூன்று வருஷம் அதிலேயே ஆள் ஏற்றினேன். கடைசியில் வேண்டாம் என்று தோன்றி எடைக்குப் போட விலை பேசிவிட்டேன்.

எடைக்குப் போகுமுன் அப்பா காலத்து மெக்கானிக் ஒருத்தரிடம் காட்டினேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டு தம்பி" என்றார்.

நாற்பதில் உதறியது. "கியரை நியூட்ரல் பண்ணு, கால எடு." என்ஜின் அடங்கியது, உதறல் அடங்கவில்லை. "அப்ப என்ஜின் இல்ல." மூன்றாவது கியரில் அதே நாற்பது. அதே உதறல். "கியர் பாக்ஸும் இல்ல. கியருக்குப் பின்னால இருக்கு சங்கதி."

"சக்கரமா இருக்குமோண்ணே?"

"சக்கரம்னா ஆட்டும். இது ரீங்காரம் போடுது பாரு."

அதன் கணக்கு எனக்கு அப்புறம்தான் விளங்கியது. எங்க வண்டி ஹவுசிங்கில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதனால் சக்கரத்தின் கோளாறு மெதுவாக ஆட்டும், ஷாஃப்டின் கோளாறு வண்டாக இரையும்.

ஷாஃப்ட் என்றாலும் இரண்டு இருக்கிறதே, முன்னாலா பின்னாலா? ஹப் லாக் இல்லாத பழைய ஜீப்பில், நாலு சக்கர இழுவை போடாவிட்டாலும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அண்ணன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்தார். பின் ஷாஃப்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இப்ப முன் ஆக்ஸிலைப் போட்டு ஓட்டு" என்றார். களத்து மண்பாதையில் முன் சக்கரம் மட்டும் இழுக்க வண்டி நாற்பதைத் தொட்டது. ஓர் அசைவில்லை. பின் சக்கரமும் பினியனும் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, முன் ஷாஃப்டும் சுற்றியது. நின்றது பின் ஷாஃப்ட் ஒன்றுதான். திருடன் அகப்பட்டுக்கொண்டான். நாலு சக்கர வண்டியில் இது ஒரு வசதி, பாதி வண்டியை வைத்து மறுபாதியைச் சோதிக்கலாம்.

ஷாஃப்டைக் கையில் கொடுத்து, "அம்புக்குறியப் பாரு" என்றார். ஷாஃப்டின் நடுவே நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அம்புக்குறி. இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். எங்கள் ஷாஃப்டில் தள்ளித் தள்ளி இருந்தன. எப்போதோ கிரீஸ் வைக்கக் கழற்றியவர்கள் மாற்றிச் செருகியிருக்கிறார்கள்.

இந்த அம்புக்குறிக்குள்தான் அந்தப் பழைய கதை இருக்கிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயிண்டுக்குக் கார்டானோ என்ற 16-ம் நூற்றாண்டு இத்தாலியர் பெயரும் உண்டு, ராபர்ட் ஹூக் பெயரும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் விதி படித்தோமே, அதே ஹூக். சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றி 1676-ல் எழுதியபோது இந்த மூட்டையும் விளக்கினார். கோணலான இரண்டு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்தும் மூட்டு. ஆனால் அதில் ஒரு குணக்கேடு உண்டு. ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். பத்து டிகிரி கோணம் இருந்தால் ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். கோணம் ஏற ஏற இன்னும் மோசம்.

இதற்கு மருந்து இன்னொரு மூட்டு. முதல் மூட்டு முந்தும்போது இரண்டாவது அதே அளவு பிந்தினால் கணக்கு நேராகிவிடும். அதற்கு இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், நடுத்தண்டின் இரண்டு கவைகளும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். அம்புக்குறி அதற்குத்தான். தள்ளிப் போட்டால் ஒன்றையொன்று அடக்க வேண்டியவை ஒன்றையொன்று தூண்டிவிடும். உயரம் வேண்டுமென்று சஸ்பென்ஷனைத் தூக்கிவிட்ட வண்டிகள் உதறுவதும் இந்தக் கோணம் கெட்டுப்போவதால்தான்.

காருக்கு இந்த மூட்டைப் பக்குவமாகக் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். கார்னெல் பல்கலைக்கழக மாணவர். அன்றைக்குப் பல கார்கள் சைக்கிள் மாதிரி செயினில் ஓடின. அந்தச் செயினுக்குப் பதிலாக அவர் உருவாக்கிய ஜாயிண்டுக்கு 1903-ல் காப்புரிமை வாங்கினார். 1904-ல் செய்து விற்கவும் ஆரம்பித்தார். ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஸ்பைசர் பெயரில் வந்ததுதான்.

அண்ணன் கிராஸின் ஒரு கப்பைத் தட்டி எடுத்தார். உள்ளே ஊசி பேரிங் இல்லை, செங்கல் பொடி மாதிரி துருத்தூள் கொட்டியது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இதுலயா தம்பி ஆள் ஏத்துன?"

"ஆமாண்ணே."

"ஹேண்ட் பிரேக் டிரம் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

தெரியும். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஏற்றத்தில் அந்த ஷாஃப்ட் அறுந்தால் என்ஜின் இழுவையும் போகும், ஹேண்ட் பிரேக்கும் போகும். மிச்சம் கால் பிரேக் ஒன்றுதான். அறுந்த ஷாஃப்ட் சாட்டையாகச் சுழன்றால் பக்கத்தில் போகும் பிரேக் பைப் தப்புமா? மூன்று வருஷம் காலையும் மாலையும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு நான் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு கிராஸும் புதிதாகப் போட்டு, அம்புக்குறி பார்த்துச் செருகி, கிரீஸ் அடித்தார். டயருக்கும் மவுண்டிங்குக்கும் நான் கொட்டிய காசில் இது கால்வாசிகூட ஆகவில்லை. நாற்பதில் வண்டி அமைதியாகப் போனது.

ஊரில் நீங்கள் பெரிய நாலு சக்கர வண்டி வைத்திருக்கலாம். உதறினால் உடனே சாமான் மாற்றாதீர்கள். எந்த வேகத்தில் வருகிறது, நியூட்ரலில் நிற்கிறதா, வேறு கியரில் மாறுகிறதா, திருப்பத்தில் கூடுகிறதா என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ஷாஃப்டைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். எல்லா வண்டியிலும் அப்படிக் கழற்றி ஓட்டவும் முடியாது.

இப்போது மாதம் ஒரு முறை நானே வண்டிக்கடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்க்கிறேன். ஏறும் பெண்களில் ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "என்னண்ணே, வண்டி இப்ப முந்தி மாதிரி ஆடலையே?" சரி பண்ணிட்டேம்மா என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.