வயலில் விளைந்த இன்னொன்று

பசுமைப் புரட்சியை ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கில்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சேரியிலிருந்து பார்த்தால் தஞ்சை வயலில் நெல் மட்டும் விளையவில்லை. குறவை, கெளுத்தி, நண்டு, நத்தை, வரப்பில் பொன்னாங்கண்ணி, சேற்றில் ஆராக்கீரை. நெல் மிராசுதாரின் களத்துக்குப் போனது. மற்றவை நிலமற்றவர்களின் சட்டிக்கு வந்தன. காசு கொடுத்து வாங்காத கறி அது. நத்தை தின்பவர்கள் என்று நம்மை இகழவும் அதுவே பயன்பட்டது.

1960இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது, பின்னாலேயே ஐ.ஆர். 8. இது குட்டை ரகம். யூரியாவை அள்ளிப் போட்டாலும் எளிதில் சாயாது. ஆனால் தழைச்சத்து மிகுந்த பயிர் புகையானுக்குப் பிடித்த தீனி. மருந்தடித்தார்கள். (நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!) அது புகையானைத் தின்னும் சிலந்தியையும் கொன்றது. புகையான் முன்னிலும் பெருகியது. மறுபடி மருந்து. அன்று புழங்கிய என்ட்ரின், மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். வயலில் அடித்தது வடிகாலில் இறங்கியது. தெளிப்பானை முதுகில் சுமந்தவர்களும் பெரும்பாலும் கூலியாட்கள்தான், கையுறைகூட இல்லாமல்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னணி கூலிப் போராட்டம். நஞ்சுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அது கூலி கேட்டதற்கும் சங்கம் வைத்ததற்கும் நடந்த சாதிக் கொலை. ஆனால் கூலி நெல்லின் வரலாற்றை எழுதும் நாம், அந்தச் சோற்றுக்கு வயல் தந்த குழம்பின் வரலாற்றை எழுதவில்லை. மீன் போன பிறகு கூலியை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று. விளைச்சல் உயர்ந்ததை அரசு எழுதி வைத்தது. நத்தை குறைந்ததை யார் எழுதுவார்கள்? இழிந்த உணவு அழிந்தால் அது இழப்பாகவே தெரிவதில்லை.

பிறகு களைக்கொல்லி வந்தது. களை பறித்த பெண்களுக்கு வேலை நாள் குறைந்தது, மடியில் கட்டி வந்த கீரையும் போனது. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஊருக்குப் போனதும் உங்கள் பாட்டியிடம் வயல் மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். எந்த ஆண்டோடு அவை காணாமல் போயின என்பதையும் கேளுங்கள். அவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது. எந்தப் பிள்ளை பிறந்தபோது என்று சொல்வார்கள்.